அலுமாரிக்குப் பயந்தவர்

அந்த உரையாடல் கிறகோரிக்கு வரிசை பிசகாமல் மனப்பாடம். செபமாலை சொல்லும்போதுகூடச் சில நாட்களில் ஒரு மணி தவறிப்போகும், இது தவறியதில்லை. எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி வந்தது, எந்த இடத்தில் அந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார், எந்த இடத்தில் தான் சிரித்தார் என்பதெல்லாம் முப்பத்தெட்டு வருடமாக அவருக்குள் அப்படியே கிடந்தன.

1985 ஆவணி மாதம். கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் யன்னல் இல்லாத ஓர் அறை. மேசைக்கு அப்பால் சாம்பல் நிறச் சட்டை போட்ட அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் இளைஞன். தமிழ்நாட்டிலிருந்து அந்த நாட்டுக்குப் படிக்க வந்தவன். இந்தப் பக்கத்துக் கதிரையில் கிறகோரி. வயது இருபத்து நான்கு.

“உங்க பேரு?” என்று இளைஞன் கேட்டான்.

“இன்னாசித்தம்பி கிறகோரி.”

“என்ன வேலை?”

“மீன்பிடிப் போட்டு எஞ்சின் திருத்துறனான். யாழ்ப்பாணத்திலை, குருநகர்.”

“மேற்கு பெர்லினுக்கு எதுக்குப் போகணும்?”

“அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினம். அகதியாப் பதியலாம் எண்டு சொன்னவை.”

அதிகாரி நீளமாக ஏதோ சொன்னார். இளைஞன் அதைச் சுருக்கினான். “இந்த நாட்டுல எல்லாருக்கும் வேலை இருக்கு, வைத்தியம் இலவசம். நீங்க ஏன் இங்கயே இருக்கறேன்னு கேக்கலைன்னு கேக்கறார்.”

கிறகோரி அதை நினைத்தே பார்த்ததில்லை. “இங்கை குளிர் கூட எண்டு சொன்னவை” என்றார். வெளியே நல்ல வெயில். மேற்கு பேர்லினோ அங்கிருந்து ஒரு ரயில் ஓட்டத் தூரம். இளைஞன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்; மொழிபெயர்க்கவில்லை. கிறகோரி சிரித்தது அப்போதுதான்.

“உங்ககூட வந்த வாகீசன் யாரு?”

“என்ரை சிநேகிதன். உடுப்பிட்டி.”

“அவருக்கு அரசியல் உண்டா?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் கிறகோரிக்கு உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு நாளாக எதைச் சொன்னால் விடுவார்கள் என்று தேடிக்கொண்டிருந்தவர் அவர். இது சிவப்புக் கொடி பறக்கிற நாடு. வாகீசன் சிவப்புக் கொடி பிடிக்கிறவன். இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்கப்போகிறது?

“ஓம், ஓம். அவன் உங்கடை ஆள்தான். பதினாறு வயதிலை இருந்து கொடி பிடிக்கிறவன். மே தின ஊர்வலத்திலை பொலிசிட்டை அடி வாங்கி மண்டை உடைஞ்சவன். நோட்டீஸ் எல்லாம் அவன்தான் அடிக்கிறது.”

“யாருக்கு எதிரா நோட்டீஸ்?”

“எங்கடை அரசாங்கத்துக்கு எதிராத்தான்.”

“எங்க அடிக்கிறார்?”

“நெல்லியடியிலை ஒரு அச்சுக்கூடம். பின்பக்கத்து அறையிலை.”

அதுவரை எழுதாமல் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார். பிறகு பேனையை எடுத்தார். ஊரின் பெயரை எழுத்து எழுத்தாக இரண்டாம் தரம் கேட்டு எழுதினார். எழுதி முடித்ததும் வெளியே யாருக்கோ குரல் கொடுத்தார். ஒரு கோப்பை கோப்பியும் இரண்டு சீனிக் கட்டியும் வந்தன.

“உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். குடிங்க” என்றான் இளைஞன்.

அந்தக் கோப்பி நன்றாக இருந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் கிறகோரிக்கு எல்லாவற்றையும்விட நினைக்கக் கூசியது அந்த ருசிதான்.

*

குருநகர் இன்னாசித்தம்பியின் மூன்றாவது மகன் கிறகோரி. எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, எஞ்சின் ஒத்துவந்தது. இறங்குதுறையில் நின்றபடியே, வருகிற போட்டின் சத்தத்தை வைத்து எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாகீசனைத் தேடித் தந்ததும் ஒரு எஞ்சின்தான். நெல்லியடி அச்சுக்கூடத்தின் மோட்டார் நின்றுபோக, வேறு ஒருவரும் கைவைக்க முடியாமல், யாரோ சொல்லி வாகீசன் சைக்கிளில் குருநகருக்கு வந்தான். கிறகோரி போய் அந்தப் பின்பக்கத்து அறையில் மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து மோட்டாரை ஓட வைத்தார். அந்த அறையைப் பார்த்த வெளியாட்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள்.

அதன்பின் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். வாகீசன் பேச்சுக்காரன். “உன்ரை பேரும் போர்த்துக்கேயன்ரை கப்பலிலை வந்தது, நீ குந்தியிருக்கிற கதிரையும் அவன்ரை கப்பலிலை வந்தது” என்பான்.

“உன்ரை கொள்கை என்ன, உடுப்பிட்டித் தோட்டத்திலை விளைஞ்சதோ?” என்று கிறகோரி கேட்பார்.

“அதுவும் கப்பல்தான் மச்சான். ஆனா ஒண்டு. உன்ரை வேதத்தை வாளைக் காட்டித் தந்தவங்கள். என்ரையை நானாக் கேட்டு வாங்கினனான்.”

கிறகோரிக்குக் கொள்கையில் நாட்டமில்லை. கடலில் இறங்கத் தடை வந்தது. போட்டுகள் கரையில் காய்ந்தன. திருத்த எஞ்சின் இல்லை. இளந்தாரிகளை இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போவது வாரம் ஒருமுறை நடந்தது. வாகீசனின் அக்கா பாலேஸ்வரி, தம்பி நாட்டில் நின்றால் உயிரோடு இருக்க மாட்டான் என்று முடிவெடுத்து வழி பார்த்தார். அப்போது பேர் போன வழி ஒன்று இருந்தது. மொஸ்கோ போய் அங்கிருந்து கிழக்கு பேர்லின். கிழக்கில் இறங்குகிறவனை ரயிலில் மேற்கே போக விட்டுவிடுவார்கள். மேற்கில் இறங்கியதும் அகதி. இரண்டு பேரும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். கிறகோரிக்கு அது ஒரு வழி மட்டும். வாகீசனுக்கு யாத்திரை. மொஸ்கோவில் விமானம் மாறும்போது அவன் பெட்டியைத் திறந்து தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பேர்லினில் இறங்கியதும் சுவரில் தொங்கிய படங்களைக் காட்டி, “பாத்தியா மச்சான், எங்கடை தாடிக்காரர்” என்றான். சந்நிதி முருகன் கோயிலில் சூரன்போர் பார்க்க வந்த சிறுபிள்ளையின் முகம் அப்போது அவனுக்கு.

அவர்களுக்குத் தெரியாதது, மூன்று வாரத்துக்கு முன்னர்தான் அந்த வழி அடைபட்டிருந்தது என்பது. இரண்டு ஜேர்மனிகளும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. விசா இல்லாத தமிழர் இனி ரயில் ஏற முடியாது. அன்று வந்த பதினொரு யாழ்ப்பாணத்தாரையும் ஒரு மண்டபத்தில் வைத்து, ஒவ்வொருவராக அந்த யன்னல் இல்லாத அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் போனவர் கொடிகாமத்தில் வெற்றிலை வியாபாரம் செய்த பொன்னம்பலம். சிகரெட் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். ஏழாவது ஆள் கிறகோரி.

ஐந்தாம் நாள் பதினொரு பேரையும் திரும்ப விமானத்தில் ஏற்றினார்கள். வாகீசன் வெள்ளைச் சட்டை அழுக்கேறி யன்னல் பக்கமாக இருந்தான்.

“எங்கடை ஆக்கள் எண்டெல்லோ நினைச்சனான்” என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “மச்சான், என்னைப் பற்றி ஏதும் கேட்டவங்களோ?” என்றான்.

கிறகோரி முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, “இல்லை” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவருக்கே விளங்காத ஒன்று. உண்மையைச் சொல்லியிருந்தால் வாகீசன் மொஸ்கோவில் எங்காவது இறங்கி ஓடியிருப்பான். அல்லது எதையாவது யோசித்திருப்பான். அவன் யோசிக்கிற ஆள்.

நாடு திரும்பிக் கட்டுநாயக்காவில் இறங்கியபோது, விமானப் படிக்கட்டின் கீழே சீருடை இல்லாத இரண்டு பேர் நின்றார்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசி. பதினொரு பேரில் ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார்கள். வாகீசன் தன் பெட்டியைக் கிறகோரியிடம் நீட்டி, “அக்காட்டைக் குடு, வாறன்” என்றான். அதன்பின் அவனைக் கண்டவர்கள் இல்லை. அடுத்த வாரம் நெல்லியடி அச்சுக்கூடம் எரிக்கப்பட்டது. பின்பக்கத்து அறையிலிருந்துதான் தீ மூட்டியிருந்தார்கள்.

*

பெட்டியைக் கொண்டுபோய்ப் பாலேஸ்வரியிடம் கொடுத்த நாளில் கிறகோரி நடந்ததெல்லாம் சொன்னார். ஒன்றைத் தவிர.

“ஆரோ காட்டிக் குடுத்திருக்கிறாங்கள்” என்றார் பாலேஸ்வரி. அவர் அழவில்லை. “முதல்லை ஆரைத் தம்பி உள்ளுக்குக் கூப்பிட்டவங்கள்?”

“கொடிகாமம் பொன்னம்பலத்தை.”

“வெளியிலை வரேக்கை முகம் எப்பிடி?”

“சிரிச்சுக்கொண்டு வந்தவர்.”

சொன்னது இரண்டும் உண்மை. மிச்சத்தைப் பாலேஸ்வரி தானாகக் கட்டிக்கொண்டார். கிறகோரி பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கொடிகாமத்துச் சந்தைச் சாமான் ஏறியதில்லை. பொன்னம்பலம் இரண்டு முறை உடுப்பிட்டிக்கு வந்து வாசல் படலையில் நின்று கதைக்கப் பார்த்தார். இரண்டு முறையும் பாலேஸ்வரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

தம்பிக்கு அவர் திவசம் செய்யவும் இல்லை. “செத்தவன் எண்டு ஆர் வந்து சொன்னது?” என்பார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆவணியிலும், அவனைக் கொண்டுபோன அதே தேதியில், தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் கொடுப்பார். அதற்கு மரக்கறி கொண்டுபோவது வேதக்காரனான கிறகோரியின் பங்கு. கொடிகாமம் கூடாது என்பதால் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். சாப்பாடு முடிய பாலேஸ்வரி அவர் கையில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து, “நீ ஒருத்தன்தானே தம்பி அவனை மறக்காதது” என்பார். அந்தச் சோற்றைக் கிறகோரி ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. வழியில் நாய்களுக்குப் போட்டுவிட்டு வருவார்.

பேர்லின் மதில் விழுந்த செய்தியை அவர் லண்டன் வானொலியில் கேட்டார். ஊரில் இந்திய இராணுவம் நின்ற காலம். றேடியோவைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவர், “பாத்தியளோ, சனம் சேந்தா மதிலும் விழும்” என்று சந்தோசப்பட்டார். சில மாதத்தில் இன்னொரு செய்தி. சனம் உளவுக்காரரின் கட்டடத்துக்குள் புகுந்துவிட்டது. அங்கே கிலோமீற்றர் கணக்கில் அலுமாரிகள். அலுமாரி நிறையக் கோப்புகள். இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் மூலையில் நாலு வரி: சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாமாம்.

உலகம் முழுக்கக் கைதட்டிய அந்த விடுதலை, குருநகரில் ஒரு மனிதருக்குக் கெட்ட செய்தியாக வந்தது. ஊர் ஹெலிகொப்டருக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்தபோது கிறகோரியும் கிடந்தார். ஆனால் அவர் பயந்தது ஐயாயிரம் மைல் தள்ளி நின்ற ஓர் அலுமாரிக்கு. குண்டு விழுந்தால் ஒருமுறை. அலுமாரி ஒவ்வொரு நாளும் திறந்தது. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருந்த ஸ்பனர் நழுவும். தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, எல்லாரும் விட்டு வந்த வீட்டை நினைத்து அழ, இனிக் கடிதம் வந்தாலும் தன்னைக் கண்டுபிடிக்காது என்று ஒரு கணம் ஆறுதல்பட்டார். அந்த ஆறுதலை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டார்.

அதற்கு முன்னரே ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டுச் சொல்லியும் பார்த்தார். மரச் சட்டத்துக்கு அப்பாலிருந்த பாதிரியார், “கடவுள் மன்னிப்பார். ஆனால் அந்தச் சகோதரியிட்டைப் போய்ச் சொல்லவேணும். அதுதான் உமக்கு நான் தாற தண்டனை” என்றார். கிறகோரி மூன்று முறை அதற்கென்றே உடுப்பிட்டிக்குப் போனார். மூன்று முறையும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தண்டனையை நிறைவேற்றாதவன் நற்கருணை வாங்கக்கூடாது என்பது அவர் நம்பிக்கை. அன்றிலிருந்து பூசையில் எல்லாரும் வரிசையாக எழும்பிப் போக, அவர் கடைசி வரிசை வாங்கிலேயே இருந்துவிடுவார். முப்பது வருடத்துக்கு மேலாக.

“உங்களுக்கு முழங்கால் ஏலாதோ, இல்லாட்டி மனம் ஏலாதோ?” என்று மனைவி மக்டலீன் பகிடியாகக் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டார்.

*

கடிதம் வந்தது 2023 ஆனியில். குருநகருக்கு அல்ல, உடுப்பிட்டிக்கு. கனடாவிலிருந்த பாலேஸ்வரியின் மகன் மயூரதன், காணாமற்போனவர்களின் உடன்பிறந்தவர்களும் அந்தக் கோப்புகளைக் கேட்கலாம் என்று எங்கோ வாசித்து, தாயின் பேரில் விண்ணப்பித்திருந்தான். பழுப்பு நிற உறை. உள்ளே பதினான்கு பக்கப் பிரதிகள். எல்லாம் ஜேர்மனியின் டொச் மொழி. வீட்டிலிருந்த பேத்தி கஜந்தினி போனில் படம் பிடித்து மொழிமாற்றிப் பார்த்தாள். அரைவாசி அழிந்த தட்டச்சு எழுத்து. ‘மீன் அமைச்சு குளிர்ந்த சூட்கேஸ்’ என்று வந்தது. பாலேஸ்வரி போனைப் பறித்து வைத்துவிட்டுக் கிறகோரியைக் கூப்பிட்டார்.

“நீதானே தம்பி அந்த நாட்டுக்குப் போனனி. ஆரையும் பிடிச்சு இதை வாசிப்பிச்சுக் கொண்டு வா. உன்னை விட்டா ஆரை நம்பி இதைக் குடுக்கிறது?”

எழுபது வயது. இரண்டு கையாலும் உறையை நீட்டினார். கிறகோரி திறந்து பார்க்காமலே வாங்கிச் சட்டைக்குள் வைத்தார். பாலேஸ்வரி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வரும் வழியில் தொண்டைமானாற்றுப் பாலத்தில் கிறகோரி மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். உறையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். கீழே தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கல்லைச் சுற்றிக் கட்டிப் போட்டால் போதும். பாலத்தில் காற்று என்று சொல்லலாம், பறந்தது என்று சொல்லலாம். பாலேஸ்வரி நம்புவார். அவர் எதைச் சொன்னாலும் பாலேஸ்வரி நம்புவார்.

கீழே வீச்சுவலையோடு நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்தார். “என்ன ஐயா, மீன் கடிதம் எழுதினால்தான் வரும் எண்டு ஆர் சொன்னது?”

கிறகோரி சிரிக்க முயன்றார். இதை எறிந்தால் மயூரதன் இன்னொன்றுக்கு எழுதுவான். அலுமாரி அங்கேதான் நிற்கிறது. உறையைத் திரும்பச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

யாழ்ப்பாண நகரில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் தர்சிகா டொச் படிப்பித்தாள். ஜேர்மனிக்கும் சுவிசுக்கும் மணமுடித்துப் போகும் பெண்கள் மொழிப் பரீட்சை எழுதவேண்டும், அதற்கான வகுப்பு. பதின்மூன்று வயதுவரை ஜேர்மனியில் படித்து, தகப்பன் இறந்தபின் தாயோடு ஊருக்குத் திரும்பியவள். அளவோடுதான் பேசுவாள். கிறகோரி படியேறும்போது மேலே இருபது மணப்பெண்கள் ஒரே குரலில் தங்கள் பெயரையும் ஊரையும் அந்த மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிமையாகத்தான் சொன்னார்கள். கிறகோரிக்கு உரோமம் சிலிர்த்து நின்றது. அவர் கைபிடிச் சுவரைப் பிடித்தபடி, வகுப்பு முடியும்வரை படியிலேயே நின்றார்.

தர்சிகா பதினான்கு பக்கங்களையும் முதலில் தனக்குள் வாசித்தாள். கிறகோரி அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

“ஐயா, வாகீசன் எண்டவரைப் பற்றி இதிலைதான் முக்கியமா இருக்கு” என்றாள். பிறகு மெதுவாக, சொல் சொல்லாகத் தமிழில் சொன்னாள். “அதே குழுவில் வந்த இன்னொருவர், வற்புறுத்தல் எதுவும் இல்லாமல், தானாகப் பின்வரும் தகவலைத் தந்தார். வாகீசன் கட்சி உறுப்பினர். தன் நாட்டு அரசாங்கத்துக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களை நெல்லியடி என்னும் இடத்தில், அச்சகத்தின் பின் அறையில் அச்சிடுபவர். தகவல் தந்தவர் ஒத்துழைப்பான, நட்பான ஆள்.”

“ஆரெண்டு போட்டிருக்கு?” என்று கேட்டது தன் குரல்தானா என்று கிறகோரிக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டியான கறுப்புக் கோடு. இன்னும் இரண்டு இடத்திலும் அப்படியே.

“அங்கத்தைச் சட்டம் அப்பிடி. கோப்புக் கேட்ட ஆளுக்குச் சம்பந்தமில்லாத மற்ற ஆக்களின்ரை பேரை மறைச்சுத்தான் குடுப்பினம். இது ஆரெண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது.”

“இதை எங்கடை நாட்டுக்கு அனுப்பினவையோ?”

“ஒரு பிரதி வெளிநாட்டு அமைச்சுக்கு எண்டு அடியிலை இருக்கு. அங்கை இருந்து எங்கை போனதெண்டு இல்லை. அதுக்குப் பிறகு பக்கம் இல்லை.”

கிறகோரி உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே வெயில் கண்ணைக் குத்தியது. முப்பது வருடத்துக்கு மேலாகத் திறந்து திறந்து மூடிய அலுமாரி, ஒரு கறுப்பு மையோடு முடிந்துவிட்டது. அழ வேண்டும்போலவும் ஒரு சோடா குடிக்க வேண்டும்போலவும் இருந்தது. அப்போது போன் அடித்தது. பாலேஸ்வரி.

“வாசிச்சாச்சோ தம்பி? காட்டிக் குடுத்தது எண்டு இருக்கோ?”

“இருக்கு அக்கா. பேரை மறைச்சிருக்கினம்.”

“மறைச்சா என்ன. எனக்குத் தெரியாதே அது ஆரெண்டு? வாற கிழமை அந்தக் கொடிகாமத்தான்ரை பேத்திக்குக் கலியாணம். மண்டபத்திலை மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னாலை நிண்டு இந்தக் கடதாசியை வாசிப்பன். அவன் உயிரோடை இருக்கேக்கையே வாசிப்பன். நீயும் வா. நீதான் சாட்சி.”

“ஞாயிற்றுக்கிழமை இதை வாசிச்ச பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ” என்றார் கிறகோரி.

போனை வைத்தபின் அவருக்குப் பொன்னம்பலத்தின் முகம் வந்தது. இளம் முகம் அல்ல, போன வருடம் ஆஸ்பத்திரி வரிசையில் கண்ட முகம். எண்பதைத் தாண்டிவிட்டது. “அந்தப் பிள்ளை இன்னும் என்னோடை கோவமோ?” என்று பொன்னம்பலம் கேட்டார். பாலேஸ்வரியை அவர் இன்னும் பிள்ளை என்றுதான் சொன்னார். கிறகோரி அன்று கண்ணாடியைத் துடைக்கிறவர்போல் குனிந்துகொண்டார். இப்போது அந்த மை காய்வதற்குள் அதன்மேல் பொன்னம்பலத்தின் பெயர் எழுதப்படப்போகிறது. ஒரு பெண்ணின் மணவறைக்கு முன்னால். தான் பக்கத்தில் நிற்க.

பயம் போகவில்லை. இடம்தான் மாறியிருந்தது. கடதாசிக்குப் பயந்த இத்தனை வருடமும், உண்மையில் பாலேஸ்வரியின் முகத்துக்குப் பயந்திருக்கிறார்.

புடவைக்கடைப் பையன்கள் பார்க்க, கிறகோரி மறுபடியும் படியேறினார். தர்சிகா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றபடியே ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, கறுப்புக் கோட்டில் விரலை வைத்து, “இது நான்தான் பிள்ளை” என்றார்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். பிறகு, “அப்ப நீங்களே அவவிட்டைச் சொல்லலாமே ஐயா” என்றாள்.

“கன தரம் போய்ப் பாத்திட்டன். வாயாலை வருகுதில்லை. கடதாசியிலை இருந்து ஆரும் வாசிச்சால்தான் வரும்.”

“இதிலை இல்லாததை நான் வாசிக்கக் கூடாது.”

“இருக்கு பிள்ளை. அவை மையைப் பிறகுதானே பூசினது. அடியிலை இருக்கிறது என்ரை பேர்தான்.”

அவள் கதிரை ஒன்றை அவருக்காக இழுத்துப் போட்டாள். கிறகோரி இருக்கவில்லை. இருந்தால் எழும்ப மாட்டோம் என்று பயந்தவர்போல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அந்த வாசலில் நின்று அவர் அவளிடம் கேட்டது இதுதான்:

“ஞாயிற்றுக்கிழமை உங்களை உடுப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போறன். அக்காவுக்கு முன்னாலை முதல் பக்கத்திலை இருந்து ஒண்டும் விடாமல் வாசியுங்கோ. அந்தக் கறுப்பு வாற இடத்திலை நிப்பாட்டாமல், இன்னாசித்தம்பி கிறகோரி எண்டு முழுப் பேரையும் சொல்லி வாசியுங்கோ. அதுக்கு அவங்கள் தந்த கோப்பியை நான் குடிச்சதையும் நீங்கள் சொல்லவேணும், அது இதிலை இல்லை. நான் பக்கத்திலைதான் இருப்பன். இடையிலை எழும்பிப் போகப் பாத்தன் எண்டால், என்னைப் பாக்க வேண்டாம் பிள்ளை. நீங்கள் வாசிச்சுக்கொண்டே போங்கோ.”